காய்ச்சல் வந்த பூமியோடு கண்டிக்குப் போனேன்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியபோது பூமாதேவியின் வயிற்றுக்குள் முழுசாகப் பஞ்சு இருந்தது. கண்டி போய்ச் சேர்ந்தபோது பாதிதான் மிச்சம். வழியில் நான்கு சோதனைச் சாவடிகள். நான்கிலும் வேனை நிறுத்தினார்கள், பெட்டியைத் திறந்தார்கள், நீலமும் பச்சையுமாக உருண்டு கிடந்த அந்த உடுப்பைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்கள். முதல் சாவடியில் ஒரு சிப்பாய் குச்சியால் குத்திப் பார்த்தார். இரண்டாவதில் தையலைப் பிரித்து ஒரு கையை விட்டார்கள். மூன்றாவதில் இரண்டு கையையும். நாடு அன்றைக்கு இருந்த இருப்பில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. தெற்கே யார் பையில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பிரித்த தையலை யார் போடுவது? ஓடுகிற வேனில் ஊசியும் நூலுமாக நான்தான் போட்டேன்.

உடுப்பு தேவகி அக்காவுடையது. சினிமாவில் மாமியாராக, வீட்டுக்காரம்மாவாக வந்து எதிரே நிற்பவரைத் திட்டித் தீர்க்கிறவர். அவருக்குத் திட்டு எழுதிக் கொடுக்கிறவன் நான். கண்டியில் ஒரு சேவை அமைப்பு, பூமி சூடாகிக்கொண்டிருப்பதை ஜனங்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல ஒரு சினிமா முகம் வேண்டும் என்று கேட்டிருந்தது. எங்கள் ஊரிலும் அப்போதுதான் இந்தப் பழக்கம் ஆரம்பித்திருந்தது. நடிகர்கள் வந்து மரம் நடுவார்கள், ஒரு ஜோக் அடிப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "நட்டதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டு அக்கா அதற்கெல்லாம் போகாமலே இருந்தார். கண்டி என்றதும் உடனே சரி என்றார். சென்னை வெயிலில் ரொம்ப நொந்து போயிருந்தார் என்பதுதான் உண்மைக் காரணம்.

இருபது நிமிஷ நாடகம். பூமாதேவிக்குக் காய்ச்சல். தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீ காரில் போனாய், நீ ஏசி போட்டாய், நீ மரத்தை வெட்டினாய் என்று அக்கா வாங்கு வாங்கென்று வாங்குவார். கடைசியில் வெள்ளம் வருகிறது, வீட்டைவிட்டு ஓடுங்கள் என்கிறார். ஒருவன் பதறிப்போய், நகையை விட்டுவிட்டு விளக்குமாற்றையும் அம்மிக்கல்லையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அந்த ஒருவனாக நடிக்க வேண்டியவருக்கு விசா வரவில்லை. "எழுதினவனுக்குத்தானே எல்லாம் மனப்பாடம்" என்று அக்கா என்னைத் தள்ளிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் மேடையேறினேன்.

எங்களை வரவழைத்தவர் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் அரசாங்க உத்தியோகம். எந்த மலை எப்போது சரியும் என்று மண்ணைப் பார்த்துச் சொல்கிற வேலை. குடும்பம் ஊரில், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் குண்டசாலையில் தனியாக இருந்தார். அவர் வீட்டில்தான் தங்கினோம். தானே அவித்த அரிசிமாப் புட்டும் கட்டச் சம்பலும் வைத்துவிட்டு, "சாப்பிடுங்கோ, உறைப்பு இல்லை" என்றார். வாயில் வைத்த எனக்குக் கண்ணீர் கொட்டியது. அவர்கள் ஊரில் அதற்கு உறைப்பு இல்லை என்றுதான் பெயராம்.

ராத்திரி தங்கும் விருந்தாளிகளைப் பொலிஸில் பதிய வேண்டும். சாயங்காலமே போனோம். என்ன தொழில் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்க, சிவபாலன் ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னதைச் சிவபாலன் வெளியே வந்து மொழிபெயர்த்தார்: "சிரிக்க வைப்பதா? அப்படியென்றால் அவசரப்பட்டுப் போக வேண்டாமென்று சொல்லுங்கள்."

அன்றைக்கே சிவபாலன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எட்டுக் காம்பரா உள்ள ஒரு லயம். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் நீள வீடு. அதன் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. கார்த்திகை மழை முன்னைப் போல நாள்கணக்கில் பெய்யாமல் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. மழை பிடித்தால் மேலே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று அவர் ஐந்தாறு தடவை போய்ச் சொல்லியாகிவிட்டது.

"நான் சொன்னா எல்லாரும் வடிவாத் தலையாட்டுவினம். ஆனா ஒருத்தரும் போகமாட்டினம். அதுதான் உங்களைக் கூப்பிட்டனான். பகிடியாச் சொன்னா எண்டாலும் கேப்பினமோ எண்டு."

நான் பெரிதாகத் தலையாட்டினேன். என் நாடகத்தின் கடைசிக் காட்சியே வீட்டைவிட்டு ஓடுவதுதான் என்று பெருமையாகவும் சொன்னேன்.

மறுநாள் முதல் காட்சி அலவத்துகொடையில். வருவதாகச் சொன்ன வாகனம் வரவில்லை. ஒரு முச்சக்கர வண்டிக்குள் நாங்கள் மூவரும் ஏறியதும் பூமிக்கு இடமில்லாமல் போய், கூரைமேல் ஏற்றிக் கட்டினோம். எங்கள் ஊர் ஆட்டோக்காரர் என்றால் அதற்குத் தனி வாடகை கேட்டிருப்பார். இவர் தன் சொந்தக் கயிற்றைக் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டை தாண்டும்போது மழை. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். போய்ச் சேர்ந்தபோது பூமாதேவி தண்ணீர் குடித்து ஆளைவிட இரண்டு மடங்கு கனம்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஜவ்பர் நானாவின் பேக்கரி. அவர் உடுப்பைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், பேசாமல் தூக்கிக்கொண்டு போய்ப் போறணையின் மேலே விரித்துவிட்டார். பூமி சூடாவதைப் பற்றிப் பேச வந்தவர்கள் பூமியை அடுப்பு மேலே போட்டுக் காய வைத்தோம். அன்றைய நாடகம் முழுக்க அக்காமேல் பணிஸ் ரொட்டி வாசம் அடித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார்கள்.

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. நான் விளக்குமாற்றோடு ஓடியபோது ஒரு பெரியவர் தொப்பி நழுவ விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் எழுதிக் கெட்டோமே, நடிக்கப் போயிருக்கலாமே என்றுகூட நினைத்தேன். நாடகம் முடிந்து நானா வீட்டில் சாப்பாடு. பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, "எங்களுக்கும் ஒருக்கா ஏசுங்களே ராத்தா" என்று கெஞ்சினார்கள். நேரில் அக்கா ஈ எறும்பைக்கூட அதட்டாத பிறவி. சங்கடமாகச் சிரித்துக்கொண்டு இனிப்பான வட்டலப்பத்தில் கவனம் செலுத்தினார். நானும்தான். "இன்னும் ஈக்கி, வெக்கப்படாம தின்னுங்க" என்று நானா மூன்றாம் தடவை வைத்தபோது நான் வெட்கப்படவில்லை.

மூன்றாம் நாள் பன்வில. வத்தேகம தாண்டி மலையேறினால் ஒரு வளைவுக்கு ஒரு பச்சை. கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் தலையில் சாக்குக் கொங்காணியோடு நேரே பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தார்கள். பேச்சு அப்படியே எங்கள் மதுரைப் பக்கம். எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆரம்பம் அமர்க்களம். "ஏசியப் போட்டுட்டுப் போர்வையப் போத்திக்கிட்டுத் தூங்குறவன் எவன்டா?" என்று அக்கா கேட்டார். "தொர பங்களாவுல போய்க் கேளுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் அதிர்ந்தது. பிறகு நாடகத்தில் வெள்ளம் வந்தது. அக்கா, "வீட்ட விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க" என்றார். நான் விளக்குமாற்றோடும் அட்டை அம்மியோடும் ஓடினேன்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று தோன்றியது. ஆகவே இன்னும் சத்தமாகக் கத்திக்கொண்டு இரண்டாவது சுற்று ஓடினேன். முன்னால் இருந்த ஓர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் ஏதோ தப்பு என்று உறைத்தது. அக்கா நடுவில் புகுந்து இரண்டு வசனத்தை விழுங்கி நாடகத்தை முடித்துவைத்தார்.

முகம் திருப்பிய அந்த அம்மாதான் ராசம்மா. அவர் வீட்டுக்காரர் வீரமுத்து எங்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். சிவபாலன் சொன்ன அதே லயம், கடைசிக் காம்பரா. ஒரு அறை, ஒரு அடுப்படி. உள்ளே அலுமாரி, டிவி, சாமி படங்கள், மடித்து வைத்த பாய்கள் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி ஒழுங்காக இருந்தன. பின்பக்கம் போய் மேலே பார்த்தேன். செங்குத்து மண்ணில் என் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க சார்" என்றார் வீரமுத்து. "கலவரத்தப்ப நாங்க வேற தோட்டத்துல இருந்தோம். தெரிஞ்சவங்க வந்து, பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க, சாமானப் பத்தி நெனைக்காதீங்கன்னு சொன்னாங்க. ஓடுனோம். எங்கப்பா வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. ஏன் தூக்குனாருன்னு அவருக்கே தெரியல. நீங்க ஓடுன மாதிரியேதான் ஓடுனாரு."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"நாலு நாள் கழிச்சுத் திரும்பி வந்தோம். செவரு இருந்துச்சு. உள்ள தண்ணி மோந்து குடிக்க ஒரு டம்ளர் இல்ல" என்றார் ராசம்மா. "எரிச்சது போக மிச்சத்த எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தச் சாமான் சேக்க எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? இப்பவும் எல்லாரும் வந்து அதையேதான் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போங்க, சாமான விடுங்க. அந்தப் பேச்சக் கேட்டாலே காலு நகரமாட்டேங்குது."

திரும்பும் வழியெல்லாம் வேனில் அட்டை அம்மியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவமானமாக இருந்தது. எழுதும்போது எதையும் விசாரிக்காமல் எழுதினேன். சென்னையில் யாருக்குத்தான் ஓடிப் பழக்கம் இருக்கிறது? சிவபாலன் ஒரு வளைவில், "நானும் ஒவ்வொரு முறையும் சாமானை விட்டிட்டு வாங்கோ எண்டுதான் சொன்னனான்" என்றார்.

நான்காம் நாள் பேராதனைத் தோட்டம் பார்ப்பதாகத் திட்டம். விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இடியப்பமும் சொதியும் எதிரே இருக்க, அக்கா சாப்பிடாமல் ஜன்னலையே பார்த்தார். "பன்விலைக்கு வண்டி சொல்லுங்க சார்" என்றார் சிவபாலனிடம். நான் என் தட்டையும் அவர் தட்டையும் காலி செய்துவிட்டுத்தான் ஏறினேன். பயத்தில் எனக்குப் பசி கூடும்.

தோட்டத்தில் மழைக்கு வேலை நிறுத்தியிருந்தார்கள். லயத்து ஜனங்கள் எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். சிவபாலன் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்: "வெடிப்புக்குள்ளால கலங்கின தண்ணி வருது. இது கூடாத குறி." நான் குடையோடு வாசலுக்கு வெளியே, ஓடுவதற்கு வசதியான இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். அக்கா நேரே வீரமுத்துவின் காம்பராவுக்குள் போனார், நடுவில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நீங்கல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. சாமானுக்கு நான் காவல்."

வீரமுத்து சிரித்தார். சினிமாக்காரம்மா ஏதோ பகிடி விடுகிறார் என்று அடுத்த காம்பராக்காரர்களும் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நெசமாத்தான் சொல்றேன். நான் இருக்கையில எவன் வந்து ஒரு டம்ளரத் தொடுறான்னு பாக்குறேன். போறதுக்கு முன்னாடி ஒரு பிளேன்டீ மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போங்கம்மா."

"ஐயோ, நீங்க எப்பிடிங்க இங்க?" என்றார் ராசம்மா.

"ஏன், நீங்க இருக்கலையா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பின்சுவர்ப் பக்கம் கல்லொன்று உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. அக்கா, எழுந்திருங்கள், இதெல்லாம் நாடகத்தில் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்திரிங்கம்மா" என்றார் வீரமுத்து. குரல் மாறியிருந்தது. "வந்த விருந்தாளிய மலைக்கடியில ஒக்கார வச்சுட்டுப் போனாங்கன்னு எங்களுக்கு அந்தப் பேரு வேணாம்."

"சாமான விட்டுட்டு வான்னு நான் சொல்லவே மாட்டேன் வீரமுத்து. ஒரு கரண்டிகூட விடவேணாம். எல்லாத்தையும் தூக்குங்க, நாங்களும் தூக்குறோம். கடைசிச் சாமான் போனதும் நான் எந்திரிக்கிறேன்."

வீரமுத்து ராசம்மாவைப் பார்த்தார். ராசம்மா சாமி படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, தன் முந்தானையால் துடைத்து, அக்காவின் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை.

எட்டுக் காம்பராவும் மலையேறின. அலுமாரியை நான்கு பேர். டிவிக்கு மழை படாமல், வேனில் கிடந்த பூமாதேவியின் உடுப்பைப் பிரித்து மாட்டினோம். மிச்சமிருந்த பஞ்சு அதற்கு மெத்தையாயிற்று. என் பங்குக்கு நிஜ அம்மிக்கல்லைத் தூக்கினேன். பள்ளிக்கூடப் படியில் மூன்று தடவை உட்கார்ந்தேன். கோழிகள், அடுப்பு, பாய், குழந்தைகளின் பள்ளிப் பை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. சிவபாலன் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கினார். "இது அரசாங்க வேலையில சேராது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நாலு நாளில் அவர் பல் தெரிந்தது அப்போதுதான்.

ஒரு மணி வாக்கில் அக்கா கதிரையைவிட்டு எழுந்து, அதையும் தானே தூக்கிக்கொண்டார். கடைசியாக வீரமுத்து ஒரு திருப்புளியோடு வாசலில் உட்கார்ந்தார்.

"அந்தக் கதவு எதுக்கு?" என்று ராசம்மா அதட்டினார்.

"இது தோட்டம் குடுத்ததா? நான் வாங்கிப் போட்டது. பலாப் பலகை. விட்டுட்டு வரமாட்டேன்."

"வீட்ட விட்டுட்டுக் கதவத் தூக்கிட்டுப் போற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். லயமே சிரித்தது. வீரமுத்துவும் சிரித்துக்கொண்டே கடைசி ஆணியைக் கழற்றினார். கதவைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் ஏறினார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய சட்டியில் தேங்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிகூட ஆகியிருக்காது. முதலில் லாரி ஒன்று பின்னால் வருகிற மாதிரிச் சத்தம். பிறகு மரம் முறிகிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினோம். கீழே லயத்தின் அந்தக் கோடியில் மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண் குவிந்து கிடந்தது. அவற்றில் கடைசி, வீரமுத்துவின் வீடு.

ராசம்மா பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினார். அப்புறம் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் திட்டு எழுதிக் கொடுத்தவன், ஆறுதலுக்கு ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கத் தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். வீரமுத்து கீழே பார்த்தபடியே சொன்னார்: "அன்னைக்கு செவரு இருந்துச்சு, சாமான் இல்ல. இன்னைக்கு சாமான் இருக்கு." மாவு பிசைந்தவர்கள் திரும்பிப் போய்ப் பிசைந்தார்கள். அந்த ரொட்டிபோல நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. தோட்டத்தில் புது இடம் தருவதாகப் பேச்சு நடக்கிறது, தராமல் தான் விடப்போவதில்லை என்று சிவபாலன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லிக்கொண்டு போகலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

நீளமான வகுப்பறையைச் சேலைகளும் போர்வைகளும் கட்டி எட்டாகப் பிரித்திருந்தார்கள். கோடியில் வீரமுத்து இரண்டு மேசைகளுக்கு நடுவே தன் பலாக் கதவை நிறுத்திக் கயிற்றால் கட்டியிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்த வெளி. உள்ளே ராசம்மா அடுப்பில் ஊதுவதும், அலுமாரிக்கு எதிரே பிள்ளைகள் சட்டை மாட்டுவதும் நாங்கள் நிற்கிற இடத்திலிருந்தே தெரிந்தன. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகக் காலை எடுத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கதவைத் தட்டினார்.

"யாருங்க?" என்றார் வீரமுத்து, உள்ளேயிருந்து.

"நான்தான் தேவகி. மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கேன்."

"இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி, எழுந்து வந்து, அவர் கதவைத் திறந்தார்.